பெரியவனுக்குப் பாடம், சின்னவளுக்குக் கைபேசி

“ஐந்து நிமிடம்கூட உட்கார்ந்து எழுத மாட்டேன் என்கிறான், டாக்டர்.” அந்த அம்மா இப்படிச் சொல்லித்தான் ஆரம்பித்தார். கையில் பையனின் நோட்டு. முதல் வரியில் ‘அ’ ஓரளவு ‘அ’வாக இருந்தது, நான்காவது வரியில் அது புழுவாகி, ஆறாவது வரியில் கோபக் கிறுக்கலாகியிருந்தது. நோட்டுக்குச் சொந்தக்காரன் பரிசோதனைக் கட்டிலுக்கு அடியில் ரயில் விட்டுக்கொண்டிருந்தான். வயது ஐந்தேகால். அம்மாவின் இடுப்பில் பதினோரு மாதத் தம்பி. சுவரோர நாற்காலியில் இரண்டேகால் வயதுத் தங்கை, மடியில் கைபேசியுடன்.

நான் பையனைப் பார்க்கவில்லை. அந்தத் தங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அறைக்குள் வந்ததிலிருந்து அவள் ஒருமுறைகூட நிமிரவில்லை. (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதே குடும்பத்தை வேறு வேறு முகங்களில் பலமுறை பார்த்துவிட்டேன் என்பதும் உண்மை.)

பையனை யு.கே.ஜி.யிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். கட்டணம் ஒரு காரணம், வேனில் போய்வரும் நேரம் இன்னொன்று. எனக்கு இதில் மறுப்பில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. ஐந்து வயதுக் குழந்தை வீட்டில் இருப்பது குற்றமும் அல்ல, குறையும் அல்ல. எனக்குச் சங்கடம் தந்தது கால அட்டவணை. காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை தமிழ், ஆங்கிலம், கணக்கு, பாட்டு என்று கட்டம் கட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களாம்.

“அந்த நேரத்தில் இவர்கள் இரண்டு பேரும்?”

“குட்டி கொஞ்ச நேரம் தூங்குவான். இவளிடம் ஃபோனைக் கொடுத்துவிடுவேன், டாக்டர். இல்லாவிட்டால் நோட்டைக் கிழித்துவிடுகிறாள்.”

அவள் எத்தனை சொற்கள் பேசுகிறாள் என்று கேட்டேன். அம்மா விரல் விட்டு எண்ணினார். நான்கு. அதில் ஒன்று ஏதோ வீடியோ பாட்டின் வால்.

இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் தா’ என்று இரண்டு சொற்களைச் சேர்க்க வேண்டும். சேர்க்காததற்குக் கைபேசிதான் காரணம் என்று ஒரேயடியாகத் தீர்ப்பு எழுத மாட்டேன். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறாளா, எதையாவது விரல் நீட்டிக் காட்டுகிறாளா என்று ஆட்டிசத்துக்கான கேள்விகளையும் கேட்டாக வேண்டும். ஆனால் ஒன்று நிச்சயம்: விழித்திருக்கும் நேரத்தில் தினமும் இரண்டரை மணி நேரம் அந்தக் குழந்தையிடம் யாரும் பேசவில்லை. மொழி, பதில் சொல்லும் ஆளிடமிருந்துதான் வரும். திரை பேசும், இவள் ஏதாவது சொன்னால் நின்று கேட்காது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்கிறது. இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது. இந்த வீட்டில் பாட நேரத்திலேயே அதைப்போல இரண்டரை மடங்கு ஆகிவிடுகிறது.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று பிள்ளைகள், கணவர் ஷிஃப்ட் வேலை, மாமியார் ஊரில். தவறு அவரிடம் இல்லை. பள்ளிக்கூடத்தை அப்படியே பெயர்த்து வீட்டுக்குள் வைக்க முயன்றதில் இருக்கிறது. இருபது, முப்பது பிள்ளைகளை வரிசையில் உட்காரவைப்பதற்காக ஏற்பட்டது அந்த அட்டவணை. ஒரே பிள்ளைக்கு ஒரே ஆசிரியை இருக்கும்போது அது எதற்கு? ஐந்து வயதில் எழுத்தும் எண்ணும் சேர்த்து முப்பது, நாற்பது நிமிடம் போதும். அதையும் இரண்டாகப் பிரிக்கலாம். தம்பி தூங்கும்போது ஒரு பாதி. அப்பா வந்து சின்னவர்களைப் பார்த்துக்கொள்ளும்போது மறு பாதி. மற்றதெல்லாம் மூவருக்கும் சேர்ந்தே நடக்கட்டும்.

எழுத மறுப்பதையும் அன்றே பார்த்தோம். மூன்று வயதுக் குழந்தை வட்டத்தைப் பார்த்து வரையும். நான்கில் கூட்டல் குறி. நாலரையை ஒட்டிச் சதுரம். முக்கோணம் வர ஐந்து ஆகும். ஓரிரு மாதங்கள் முன்பின் இருக்கலாம். இந்தப் பையன் சதுரம் நன்றாகப் போட்டான், முக்கோணம் தள்ளாடியது. அவனிடம் போய் ‘அ’வை வரிசை வரிசையாகக் கேட்டால் கட்டிலுக்கு அடியில்தான் போவான். ‘ட’ இரண்டே கோடு, ‘ப’ மூன்று கோடு, அவற்றில் தொடங்கலாம். நோட்டைவிட வாசல் நல்லது. ஈரத் துணியால் தரையில் எழுதலாம், தட்டில் அரிசி மாவைப் பரப்பி விரலால் எழுதலாம். விஜயதசமியன்று அரிசியில் எழுதவைத்துவிட்டு மறுநாளே பென்சிலைத் திணிப்பது நம் வழக்கம்! மாவுத் தட்டு என்றால் தங்கைக்கும் ஒன்று வைக்கலாம். அவள் கிழிக்க அங்கே நோட்டு இல்லை.

மாவுத் தட்டு என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டுக் கல்விக்கு யோசனை சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே குழந்தை இருக்கும் வீட்டை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். புளியங்கொட்டையை எண்ணச் சொல், பாசிமணி கோக்கச் சொல், கொண்டைக்கடலையைப் பிரிக்கச் சொல் என்று. ஐந்து வயதுக்கு அருமையான வேலைகள்தான். ஆனால் தரையில் உருண்டது எல்லாம் தவழும் குழந்தையின் வாய்க்குப் போகும். இரண்டு வயதுக்காரர்களுக்கு மூக்கும் காதும் கூடுதல் உண்டியல்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்துடன் சளி ஒழுகினால் நான் முதலில் தேடுவது கிருமியை அல்ல, பயறையும் மணியையும். பயறு ஈரத்தில் ஊதும். நீங்களே எடுக்க முயன்றால் இன்னும் உள்ளே போகும். வேர்க்கடலை மூச்சுக்குழாயில் சிக்கி உயிருக்கே ஆபத்தான கதைகள் எங்கள் துறையில் எல்லோரிடமும் உண்டு. தண்ணீரில் ஊறிப் பருக்கும் வண்ண ஜெல் மணிகள் வயிற்றுக்குள் போயும் பருத்துக் குடலை அடைக்கும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அவை வேண்டவே வேண்டாம். பாடும் புத்தகத்திலும் எழுத்துப் பலகையிலும் இருக்கும் பொத்தான் பேட்டரி எல்லாவற்றிலும் மோசம்: விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரிக்கத் தொடங்கிவிடும். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகமே போதும், இரவானாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

எண்ணுவதற்கு வீட்டில் பெரிய பொருளுக்கா பஞ்சம்? கரண்டி, டம்ளர், கொட்டாங்கச்சி, துணிக் கிளிப். ஒன்றுக்குள் ஒன்று போகும் எவர்சில்வர் டப்பாக்களைப் பெரியவன் அளவு வரிசையில் அடுக்குவான், தங்கை மூடியைத் தேடுவாள், தம்பி தட்டி ஓசை எழுப்புவான். மூவரும் அவரவர் பாடத்தில் இருப்பார்கள்.

கதைப் புத்தகமும் அப்படித்தான். மடியில் தம்பி, இருபுறமும் மற்ற இருவர். பெரியவனிடம் “அடுத்து என்ன நடக்கும்?” என்று கேளுங்கள், சின்னவளிடம் “யானை எங்கே?” என்று கேட்டுவிட்டு, மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். அவசரப்பட்டு அண்ணன் காட்டிவிடுவான். அவனைக் கொஞ்சம் அடக்கத்தான் வேண்டும். அதற்காகத் தங்கைக்கு அவனையே வாத்தியாராக்கிவிடாதீர்கள். ‘நீ பெரியவன் இல்லையா’ என்று நாள் முழுவதும் கேட்கும் பையன் திடீரென்று மழலை பேசத் தொடங்குவதும் படுக்கையை நனைப்பதும் உண்டு. அவனுக்கும் ஐந்துதான்.

பள்ளி சத்தமில்லாமல் செய்யும் சில வேலைகளையும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து முதல் ஆறு வயதுக்குள் தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றுக்குமான டி.பி.டி. தடுப்பூசியின் இரண்டாம் ஊக்கத் தவணை இருக்கிறது. குடற்புழு நீக்க மாத்திரை பள்ளிக்குப் போகாத குழந்தைகளுக்கும் அங்கன்வாடியில் கிடைக்கும். கண் பரிசோதனை மிக முக்கியம். ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கலாக இருந்தால் குழந்தை சொல்லாது, அதற்கே தெரியாது. ஏழு வயதுக்குள் கண்டுபிடித்தால் சரிசெய்வது எளிது.

மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தார்கள். தங்கைக்குக் காது நன்றாகக் கேட்கிறது. பேச்சுப் பயிற்சிக்குப் போகிறாள், சொற்கள் முப்பதை நெருங்கியிருக்கின்றன. இரண்டு சொற்களைச் சேர்ப்பது இன்னும் அத்தி பூத்தாற்போலத்தான், பயிற்சி தொடர வேண்டும். கைபேசி காலையில் அலமாரிக்கு மேலே போய்விடுகிறதாம். முதல் இரண்டு வாரம் வீடே ரணகளம் என்று அம்மா சொன்னபோது சிரிக்கவில்லை. சுவர் அட்டவணை போய்விட்டது. பையன் ‘ட’, ‘ப’, ‘ம’ எழுதுகிறான். ‘அ’ இன்னும் புழுதான்.

அடுத்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க நினைக்கிறார்கள். யு.கே.ஜி. படிக்காதவனைச் சேர்ப்பார்களா, தேர்வு வைப்பார்களா என்று கேட்டார். சேர்க்கைக்குத் தேர்வு வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்றேன். ஊக்கத் தவணை போட வரும்போது தடுப்பூசி அட்டையைக் கொண்டுவரச் சொல்லி அனுப்பினேன், சின்னவர்கள் இருவருடையதையும் சேர்த்து.