மூச்சை இழுக்க ஒரே வழி, விட ஆறு வழி

யாருக்காவது மூச்சு வாங்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் உடனே சொல்வது "நல்லா மூச்சை இழு, இழு" என்பதுதான். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது டாக்டர்கள் சிஓபிடி என்று சொல்வது, அது வந்தவர்களுக்கு இந்த யோசனை பெரும்பாலும் உதவாது. அவர்களுக்குச் சிக்கல் இழுப்பதில் தொடங்குவதில்லை, விடுவதில் தொடங்குகிறது. பழைய காற்று வெளியே போகாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது, அப்புறம் புதுக்காற்றுக்கு எங்கே இடம்?

சீனாவின் பழைய மூச்சுப் பயிற்சிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது இந்த இடம்தான். தாவ் ஹோங்ஜிங் (456–536) என்று ஒரு துறவி, சீனாவின் தாவோ மதத்தைச் சேர்ந்தவர், மருந்துகளைப் பற்றியும் எழுதியவர். அவர் பெயரில் வழங்கும் உடல் பேணும் நூலில், மூச்சை உள்ளே இழுக்க ஒரே வழி, வெளியே விட ஆறு வழி என்று வருகிறது. ஆறுக்கும் ஆறு ஒலிகள், ஒலிக்கு ஓர் உறுப்பு. இன்றைக்கும் 'லியூ ஸி ஜ்வே' என்ற பெயரில் சீனப் பூங்காக்களில் பெரியவர்கள் காலையில் செய்வது இதன் வழிவந்த பயிற்சிதான். அதில் நுரையீரலுக்கு உரிய ஒலி, பல்லிடுக்கு வழியாக நீளமாக விடும் "ஸ்ஸ்ஸ்".

உடலை அசைத்து மூச்சைச் சீராக்கும் பழக்கம் இதைவிடப் பழையது. 1973இல் சாங்ஷா நகருக்குப் பக்கத்தில் மாவாங்துய் கல்லறையைத் தோண்டியபோது ஒரு பட்டு ஓவியம் கிடைத்தது. கல்லறை மூடப்பட்டது கி.மு. 168இல். ஓவியத்தில் 44 பேர், ஆணும் பெண்ணுமாக, கையை நீட்டியும் குனிந்தும் வளைந்தும் பயிற்சி செய்கிறார்கள்.

சீன வைத்தியத்தில் நுரையீரல் என்றால் நாம் எக்ஸ்ரேயில் பார்க்கும் இரண்டு பைகள் மட்டும் இல்லை. உடம்பில் ஓடும் 'ச்சி'யை, நாம் பிராணன் என்று சொல்வதற்குக் கிட்டத்தட்ட நெருங்கிய ஒன்றை, ஆளும் உறுப்பு அது. இதயம் அரசன் என்றால் நுரையீரல் மந்திரி. மற்ற உறுப்புகளுக்கு மேல் விரித்த குடை. தோலும் மூக்கும் அதன் பொறுப்பில், பெருங்குடல் அதன் ஜோடி, இலையுதிர் காலம் அதன் பருவம், துக்கம் அதற்கு உரிய உணர்ச்சி. காற்றைக் கீழே இறக்குவது நுரையீரலின் வேலை, அது இறங்காமல் மேலே திரும்பினால் இருமலும் இரைப்பும். உடற்கூறாக எடுத்துக்கொண்டால் இதில் பலவற்றுக்கு ஆதாரம் கிடையாது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அவர்கள் உருவாக்கிய பயிற்சி ஏன் வேலை செய்கிறது என்பதை இன்றைய உடலியல் நன்றாகவே விளக்குகிறது.

நுரையீரலுக்குத் தானாகக் காற்றை இழுக்கும் தசை கிடையாது. கீழே இருக்கும் உதரவிதானம் என்ற தசை இறங்கும், விலா எலும்புகள் விரியும், அந்த இழுப்பில் காற்று உள்ளே வரும். வெளியே விட, சும்மா இருக்கும்போது, எந்த முயற்சியும் தேவையில்லை. இழுத்துவிட்ட ரப்பர் மாதிரி நுரையீரலே சுருங்கிவிடும். பல வருஷப் புகையோ அடுப்புப் புகையோ இந்த ரப்பர் குணத்தைக் கெடுத்துவிட்டால் என்ன ஆகும்? சிறு மூச்சுக்குழாய்களை நாலாபக்கமும் இழுத்துத் திறந்து வைத்திருக்கும் பிடி தளர்ந்துபோகும். அவசரமாக முக்கி மூச்சை விட்டால் அந்தக் குழாய்கள் நசுங்கி மூடிக்கொள்ளும், காற்று பின்னால் மாட்டிக்கொள்ளும். அடுத்த மூச்சு, அதற்கடுத்த மூச்சு என்று மிச்சம் சேர்ந்துகொண்டே போக, மார்பு ஊதிப்போய், உதரவிதானம் தட்டையாகி, இறங்க இடமே இல்லாமல் நிற்கும். "காத்தே உள்ள போக மாட்டேங்குது" என்று அவர்கள் தவிப்பது இந்த நிலையில்தான்.

இப்போது "ஸ்ஸ்ஸ்" என்று விட்டுப் பாருங்கள். பல்லிடுக்கு ஒரு தடையாக நிற்கிறது. அந்தத் தடையால் குழாய்களுக்குள் கொஞ்சம் அழுத்தம் தங்குகிறது, அந்த அழுத்தமே உள்ளிருந்து தாங்கி அவை நசுங்காமல் பார்த்துக்கொள்கிறது. மூச்சு மெதுவாக, ஆனால் கூடுதலாகக் காலியாகிறது. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுக்கும் உதடு குவித்து ஊதும் பயிற்சியும் இதே வேலையைத்தான் செய்கிறது. யாரும் சொல்லித்தராமலே தானாக உதட்டைக் குவித்து விடும் நோயாளிகளும் உண்டு, உடம்பே கண்டுபிடித்துக்கொள்கிறது.

மெதுவாக மூச்சு விடுவதில் இன்னொரு லாபம் இருக்கிறது, சாதாரணக் கணக்குதான். ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லி காற்று தொண்டையிலும் குழாய்களிலுமே நின்றுவிடும், காற்றுப்பைகளுக்குப் போகாது. நிமிஷத்துக்கு 24 தடவை 250 மில்லி இழுத்தால் மொத்தம் 6 லிட்டர், அதில் காற்றுப்பைகளைச் சேர்வது 2.4 லிட்டர். அதே 6 லிட்டரை 12 தடவை, 500 மில்லியாக இழுத்தால் சேர்வது 4.2 லிட்டர்.

சரி, மூச்சோடு உடம்பையும் ஏன் அசைக்கிறார்கள்? 'பாதுவான்ஜின்' என்ற எட்டு அசைவுப் பயிற்சியில் வில்லை இழுத்து அம்பு விடுவது போல ஓர் அசைவு உண்டு, ஒரு கை நீள, மறு கை பின்னால் இழுபட, மார்பு பக்கவாட்டில் நன்றாக விரியும். முழங்காலை மடக்கித் தாழ்ந்து நிற்பதால் தொடைத் தசைக்கு வேலை. எனக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் பெரிதாகப் படுகிறது, ஏனென்றால் கெட்டுப்போன நுரையீரல் பயிற்சியால் திரும்ப வளர்வதில்லை, கால் தசைதான் தேறுகிறது. தேறிய தசை அதே வேலைக்குக் குறைவாகக் கரியமில வாயுவை வெளியிடும், மூச்சின் மேல் சுமை குறையும். சீனக் கிராமப்புறத்தில் 120 சிஓபிடி நோயாளிகளை வைத்து நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், 12 வாரம் தாய் சி என்ற மெதுவான சீன அசைவுப் பயிற்சியைச் செய்தவர்களும் ஆஸ்பத்திரி முறையில் பயிற்சி பெற்றவர்களும் ஒரே அளவுதான் தேறினார்கள். பயிற்சி முடிந்து இன்னொரு 12 வாரம் கழித்துப் பார்த்தபோது தாய் சி குழு கொஞ்சம் முன்னால் இருந்தது.

இதை நம்பி இன்ஹேலரை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. திடீரென்று இரைப்பு கூடினால், உதடு நீலமானால், ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். மற்ற நாட்களில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, "ஸ்ஸ்ஸ்" என்று நான்கு எண்ணும் வரை விடுங்கள், முக்க வேண்டாம், தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். மாடி ஏறும்போது நின்று மூச்சை இழுத்துக்கொண்டு, விடும்போது மட்டும் இரண்டு படி ஏறுங்கள், மறுபடி நின்று இழுங்கள்.