‘இந்த வயதில் ஆபரேஷன் தாங்குவாரா?’

காரின் பின் இருக்கையில் மெத்தையை மடித்துப் போட்டு, அதன்மேல் படுக்க வைத்து ஒரு மூதாட்டியைக் கொண்டு வந்தார்கள். வயது 82. விடியற்காலையில் குளியலறைக்குப் போனவர் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து அன்றோடு 11 நாள்கள் ஆகியிருந்தன. முட்டையும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து, வலது தொடை முழுவதும் கட்டுப் போடப்பட்டிருந்தது. கட்டைப் பிரித்துப் பார்த்தபோது கால் இரண்டு விரற்கடை குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதைவிட என்னைக் கவலைப்பட வைத்தது குதிகால்தான். பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு அங்கே தோல் கறுத்துப் போயிருந்தது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் சளியின் கரகரப்புக் கேட்டது. நான் எதுவும் சொல்வதற்கு முன்பே மகன் கேட்டார்: “சார், அம்மாவுக்கு இந்த வயசுல ஆபரேஷன் தாங்குமா?”

இடுப்பு எலும்பு முறிந்து வரும் முதியவர்களின் குடும்பங்களில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் மிகக் குறைவு. கேட்பது தவறில்லை, அக்கறையால் வரும் கேள்வி அது. ஆனால் தராசின் ஒரு தட்டை மட்டுமே அது பார்க்கிறது. ஆபரேஷனைத் தாங்குவாரா என்று கேட்பவர்கள், மூன்று மாதம் அசையாமல் படுத்திருப்பதைத் தாங்குவாரா என்று கேட்பதில்லை. முதுமையில் இடுப்பு எலும்பு முறிந்தவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் இறந்துவிடுவதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். அவர்களுடைய உயிரைப் பறிப்பது பெரும்பாலும் எலும்பு அல்ல. புரண்டு படுக்க முடியாததால் நுரையீரலில் கட்டும் சளி, காலின் ரத்தக் குழாயில் உறைந்து நுரையீரலுக்கு ஏறும் ரத்தக்கட்டி, முதுகின் கீழ்ப்பகுதியிலும் குதிகாலிலும் விழும் படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இதயம் ஆகியவையே உயிரை எடுக்கின்றன. காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் படுக்க வைத்த காலத்தில், எலும்பு கோணலாகவாவது கூடிவிடும்; அதற்குள் நோயாளி எழுந்து நிற்கும் வலுவை இழந்திருப்பார். ஆகவே இந்த ஆபரேஷனின் முதல் நோக்கம் வலி குறைந்து அவரைப் படுக்கையிலிருந்து எழ வைப்பதுதான். எலும்பு கூடுவது அதன்பின் தானாக நடக்கும்.

பொதுவாக ‘இடுப்பு உடைந்துவிட்டது’ என்று சொன்னாலும், உடைவது தொடை எலும்பின் மேல்முனை. அங்கும் இரண்டு இடங்கள் உண்டு. பந்து போன்ற தலைக்குச் சற்றுக் கீழே உள்ள கழுத்து ஒன்று. அதற்கும் கீழே, தசைகள் பற்றியிருக்கும் இரண்டு புடைப்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மற்றொன்று. கழுத்து முறிந்து விலகினால் தலைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அறுந்துவிடக்கூடும் என்பதால், முதியவர்களுக்குப் பெரும்பாலும் பந்தை எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்து வைக்கிறோம். கீழ்ப்பகுதி முறிவில் ரத்த ஓட்டத்துக்குக் குறைவில்லை. சரியான இடத்தில் பிடித்து வைத்தால் எலும்பு நன்றாகக் கூடும். “பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குப் பந்து மாத்தினாங்க, எங்க அம்மாவுக்கு மட்டும் ஏன் ராடு?” என்ற கேள்விக்கு விடை இதுதான். ஒன்று உயர்ந்தது, மற்றது மலிவானது என்று எண்ண வேண்டாம்.

மக்கள் ராடு என்று சொல்வது, டைட்டானியத்தாலோ துருப்பிடிக்காத எஃகாலோ ஆன உள் ஆணி. தொடை எலும்பு உள்ளே குழாய் போன்றது. அந்தக் குழாய்க்குள் ஆணியை இறக்கி எலும்பைத் தாங்கும் முறையை ஜெர்மன் அறுவை மருத்துவர் கெர்ஹார்ட் குன்ட்ஷர் 1939-இல் செய்து காட்டினார். இடுப்பு முறிவுக்கான ஆணி அதிலிருந்து வளர்ந்தது. அதன் மேற்பகுதியில் உள்ள துளை வழியாக ஒரு பருத்த திருகு சாய்வாக எலும்பின் தலைக்குள் போகும்; கீழே இன்னொரு சிறு திருகு ஆணியை எலும்போடு பூட்டும். எலும்பின் வெளிப்புறத்தில் பதிக்கும் பிளேட்டைவிட ஆணி உடல் எடை இறங்கும் கோட்டுக்கு அருகில் நிற்பதால், அதன்மேல் விழும் வளைவு விசை குறைவு. பல துண்டுகளாக நொறுங்கிய முறிவில் இது மிகவும் உதவும். நொறுங்காமல் இரண்டே துண்டாக நிற்கும் முறிவுக்குத் திருகுடன் கூடிய பிளேட்டும் போதுமானது, விலையும் குறைவு. எல்லோருக்கும் ஆணிதான் என்று அடித்துச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆபரேஷனில் பாதி வேலை கத்தியைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்தபின், நோயாளியை அதற்கென உள்ள மேசையில் கிடத்தி, பாதத்தை ஒரு காலணியில் பூட்டி, மெதுவாக இழுத்து உட்பக்கமாகத் திருப்புவோம். சி-ஆர்ம் என்ற நகரும் எக்ஸ்ரே கருவியின் திரையில் எலும்பு மெல்ல நேராகி இடத்தில் அமர்வது தெரியும். பிறகு இடுப்புக்கு மேலே சில சென்டிமீட்டர் கீறலில் மெல்லிய வழிகாட்டிக் கம்பியை இறக்கி, அதன்மேல் துளையை அகலப்படுத்தி ஆணியைச் செலுத்துகிறோம். நான் அதிக நேரம் செலவிடுவது தலைக்குள் போகும் கம்பியில்தான். முன்னிருந்து பார்த்தாலும் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது நடுவில், ஆழமாக நிற்க வேண்டும். திருகின் நுனிக்கும் தலையின் உச்சிக்கும் உள்ள இடைவெளியை இரண்டு படங்களிலும் அளந்து கூட்டினால் 25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது 1995-இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் பாம்கார்ட்னரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட கணக்கு. முதியவரின் எலும்பு பொரி போல இளகியிருக்கும். திருகு ஓரமாகப் போய்விட்டால், அவர் நடக்க நடக்க அது தலையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கம்பி திருப்தியாக அமையாவிட்டால் எடுத்துவிட்டு மறுபடி போடுகிறேன். அந்தப் பத்து நிமிடத்தைக் கணக்குப் பார்ப்பதில்லை.

விழுந்த 48 மணி நேரத்துக்குள், முடிந்தால் மருத்துவமனைக்கு வந்த அன்றோ மறுநாளோ, ஆபரேஷனை முடித்துவிடுவதே நல்லது. அதற்குள் சரிசெய்ய வேண்டியவை உண்டு: உடலில் வற்றிய நீர், குறைந்துபோன சோடியம், தொடைக்குள் கசிந்த ரத்தத்தால் இறங்கிய ஹீமோகுளோபின், கட்டுக்கடங்காத சர்க்கரை, தாறுமாறான இதயத் துடிப்பு. இவற்றுக்காகக் காத்திருக்கலாம். துபாயிலிருந்து தம்பி வரட்டும், அஷ்டமி நவமி கழியட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. எங்கள் பக்கமும் குறை உண்டு. சிகிச்சையை மாற்றப்போகாத ஓர் எக்கோ பரிசோதனைக்காக இரண்டு நாள் தள்ளிப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பிரின் சாப்பிடுவது தள்ளிப்போடக் காரணமே அல்ல. ரத்தத்தை இளக்கும் வேறு மாத்திரை சாப்பிடுபவருக்கு எந்த மயக்க முறை பொருந்தும் என்பதை மயக்கவியல் மருத்துவர் முடிவு செய்வார்; நீங்களாக நிறுத்த வேண்டாம். 17 நாடுகளில் 2970 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வில், ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்ய முயன்றபோது இறப்பு விகிதம் ஒரு நாள் காத்திருந்தவர்களைவிடக் குறையவில்லை. மனக்குழப்பம் குறைந்தது, விரைவில் எழுந்து நடந்தார்கள். ஆகவே மணிக்கணக்குக்காகப் பதற வேண்டியதில்லை. நாள்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் கேடு.

வீட்டில் ஒருவர் விழுந்து, காலைத் தூக்க முடியவில்லை என்றால் எண்ணெய் போட்டு நீவக் கூடாது. நான்கு பேர் தாங்கிப் பிடித்து நடக்க வைத்துச் சோதிக்கவும் கூடாது. கால்களுக்கிடையே தலையணை வைத்து, கிடந்த நிலையிலேயே ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள். மாத்திரை அட்டைகள், மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, காப்பீட்டு அட்டை ஆகியவற்றைக் கையோடு எடுத்து வாருங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: தொடை எலும்பின் கழுத்து முறிந்து ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டால் சிலர் நடந்தே வருவார்கள். விழுந்த பிறகு தொடை இடுக்கில் வலி தொடர்ந்தால், முதல் எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பது நல்லது.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை உட்கார வைத்து, வாக்கரைப் பிடித்து நிற்க வைக்கிறோம். ஆணி சரியாக அமைந்திருந்தால் காலை ஊன்றலாம். அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறோம். இரண்டாம் நாள் இரவில் பலர் ஊசிக் குழாயைப் பிடுங்குவார்கள், இறந்துபோன கணவரைக் கூப்பிடுவார்கள். மூளை குழம்பிவிட்டதென்று குடும்பம் அழும். பெரும்பாலும் சில நாள்களில் தெளிந்துவிடும் குழப்பம் அது. மூக்குக்கண்ணாடியை மாட்டிவிடுவதும், பகலில் சன்னலைத் திறந்து வைப்பதும், பழகிய முகம் ஒன்று அருகில் இருப்பதும், சிறுநீர்க் குழாயைச் சீக்கிரம் எடுப்பதும் தூக்க மாத்திரையைவிட உதவும். அடுத்த சண்டை பத்தியம். புண் ஆறும் வரை கஞ்சி மட்டும் என்று வைத்திருப்பார்கள். முட்டை, மீன், பருப்பு, பால் எல்லாம் வேண்டும். பட்டினி கிடக்கும் உடலில் எலும்பும் கூடாது, புண்ணும் ஆறாது.

ராடு வைத்ததோடு எங்களில் பலர் ஓய்ந்துவிடுகிறோம். நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தது என்றால், அது எலும்பின் அடர்த்தி குறைந்து வலுவிழந்ததன் (ஆஸ்டியோபோரோசிஸ்) அறிகுறி; அடுத்து முறியப்போவது மறுபக்க இடுப்பாக இருக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை நரம்பு வழியே ஏற்றும், எலும்பை வலுப்படுத்தும் ஸோலிட்ரானிக் ஆசிட் மருந்தை, ஆபரேஷன் முடிந்த 90 நாள்களுக்குள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007-இல் வெளியானது. புதிய முறிவுகள் 35 சதவீதமும் இறப்புகள் 28 சதவீதமும் குறைந்தன. சிறுநீரகத்தையும் வைட்டமின் டி அளவையும் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டிய மருந்து. டிஸ்சார்ஜ் சீட்டில் அதைப் பற்றி எதுவும் இல்லையென்றால் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

அந்த மூதாட்டியின் நெஞ்சுச் சளியைச் சரிசெய்து, அவர் விழுந்த 13-ஆம் நாளில் ஆணி வைத்தோம். அத்தனை நாளில் இறுகிப்போயிருந்த முறிவை இழுத்துச் சேர்க்க வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. ஆறாவது வாரம் வாக்கரோடு வந்தார். எக்ஸ்ரேயில் எலும்பு கூடத் தொடங்கியிருந்தது. குதிகால் புண்ணுக்கு மட்டும் இன்னும் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. “அரிவாள்மனையில உக்காந்து காய் நறுக்க எப்ப விடுவீங்க?” என்று கேட்டார். இன்னும் ஒன்றரை மாதம் போகட்டும் பாட்டி என்றேன். மேசையில் வைத்து நறுக்க மகன் கத்தி வாங்கிக் கொடுத்திருக்கிறாராம். அது ஒரு நறுக்கா என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்தார்.