சந்தா கட்டினால் படம் உங்களுடையதாகிவிடுமா?

போன வாரம் ஒரு எழுத்தாளர் இரண்டு புத்தகங்களை என் மேசையில் வைத்தார். ஒன்று அவருடைய நாவல், இன்னொன்று யாரோ எழுதிய சுயமுன்னேற்ற நூல். இரண்டு அட்டையிலும் அதே சிவப்புக் குடை, அதே பெண், இடது கையில் அதே ஆறு விரல். "திருடிவிட்டார்கள் சார், நோட்டீஸ் அனுப்புங்கள்." படத்தை யார் வரைந்தது என்று கேட்டேன். "மிட்ஜர்னியில் நானே செய்தேன்." சொற்களில் கேட்டால் படம் தரும் ஏஐ கருவி அது. இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள்.

ஏஐ தந்த படத்துக்கு அவரிடம் பதிப்புரிமை இருக்கிறது என்று நோட்டீஸில் எழுத என்னிடம் எதுவும் இல்லை. "மாதாமாதம் சந்தா கட்டுகிறேனே?" இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சந்தா கருவிக்கு. "படம் உங்களுக்கே சொந்தம்" என்று நிறுவனத்தின் விதிமுறையில் இருந்தால், 'நாங்கள் பங்கு கேட்டு வர மாட்டோம்' என்று பொருள், அவ்வளவுதான். பதிப்புரிமையைத் தருவது சட்டம். தன்னிடம் இல்லாததை நிறுவனம் எப்படி எழுதிக் கொடுக்கும்? (பலர் பதிப்புரிமையைக் காப்புரிமை என்கிறார்கள். அது கண்டுபிடிப்புகளுக்கு. சரி, போகட்டும்.)

அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 பிப்ரவரியில் ஒரு படக்கதை நூலுக்குச் சொன்னது இது: எழுத்துக்கும் படங்களை அடுக்கிய விதத்துக்கும் உரிமை உண்டு, மிட்ஜர்னி தந்த படங்களுக்கு இல்லை. அதே ஆண்டு இன்னொருவர், குறைந்தது 624 முறை ப்ராம்ப்டை (கருவிக்கு எழுதித் தரும் கட்டளையை) மாற்றி எழுதியதாகச் சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை. நீங்கள் எத்தனை ராத்திரி விழித்தீர்கள் என்பது கணக்கில் வராது. பெய்ஜிங் இணைய நீதிமன்றம் 2023 நவம்பரில் நேர்மாறாகத் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் உங்கள் மின்னூல் விற்கும் நாடெல்லாம் பெய்ஜிங் பேச்சைக் கேட்காது.

உங்களுக்கு உரிமை இல்லை என்பதால் அடுத்தவருக்கும் இல்லை என்றாகிவிடாது. 2025 ஜூனில் டிஸ்னியும் யுனிவர்சலும் மிட்ஜர்னி மீதே வழக்குப் போட்டன. அவர்களுடைய பாத்திரத்தின் சாயல் உங்கள் அட்டையில் இருந்தால், அச்சடித்து விற்றவர் நீங்கள்.

ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 'படைப்பு முழுதும் என்னுடையது, வழக்கு வந்தால் செலவு என் பொறுப்பு' என்று ஒரு பிரிவு பெரும்பாலும் இருக்கும். ஏஐ படம் என்றால் பதிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாமே நூல் வெளியிடும் அமேசான் தளமான கேடிபி நேரடியாகவே கேட்கிறது, அப்புறம் எவ்வளவு திருத்தியிருந்தாலும் அங்கே அது ஏஐ படம்தான். ப்ராம்ப்டில் வாழும் ஓவியர்களின் பெயரைப் போடாதீர்கள், தயவுசெய்து. கையால் திருத்தினால் ஒவ்வொரு கட்டத்தின் கோப்பையும் தேதியோடு வைத்திருங்கள். சிவப்புக் குடைக்காரரிடம் இருந்தது கடைசி ஜேபெக் மட்டும்.

ஓவியரிடமே கொடுக்கப் போகிறீர்களா, நல்லது. உரிமை மாற்றத்தை எழுத்தில் வாங்குங்கள். அவர் ஏஐ பயன்படுத்தினாரா என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.