விண்மீன்களின் தூரத்தை எப்படி அளக்கிறார்கள்?

வெறுமனே பார்த்து ஒரு விண்மீன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. மங்கலாகத் தெரிவது பக்கத்திலிருக்கும் சிறிய விண்மீனாகவும் இருக்கலாம், வெகு தொலைவிலிருக்கும் ராட்சத விண்மீனாகவும் இருக்கலாம். பிரபஞ்சத்தில் நாம் எங்கே இருக்கிறோம் என்ற கேள்விக்கு இன்று நம்மிடம் உள்ள விடை, இந்தத் தூரங்களைப் படிப்படியாக அளந்து பெற்றது. ஒவ்வொரு படியும் தனக்குக் கீழே உள்ள படியை நம்பி நிற்கிறது. அதனால் கீழே நேர்ந்த பிழை அப்படியே மேலே ஏறும். அந்தப் பிழைகளைத் திருத்தத் திருத்தத்தான் நம் இடமும் மாறி வந்திருக்கிறது.

முதல் படி வெறும் வடிவியல். பூமி சூரியனைச் சுற்றுவதால், ஜனவரியில் அது இருக்கும் இடத்துக்கும் ஜூலையில் இருக்கும் இடத்துக்கும் நடுவே ஏறத்தாழ 30 கோடி கிலோமீட்டர் இடைவெளி. இரண்டு முனைகளிலிருந்தும் பார்த்தால், அருகிலுள்ள விண்மீன் பின்புலத்தில் கொஞ்சம் நகர்ந்ததுபோல் தெரியும். அந்த நகர்வில் பாதிதான் இடமாறு கோணம். அதை விகலையில் அளந்து, 1-ஐ அந்த எண்ணால் வகுத்தால் தூரம் பார்செக்கில் கிடைத்துவிடும். ஒரு பார்செக் என்பது 3.26 ஒளியாண்டு.

கணக்கு எளிது, அளவிடுவதுதான் கடினம். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. முழுநிலவின் அகலமே சுமார் 1,800 விகலை. சூரியனுக்கு மிக அருகிலுள்ள பிராக்சிமா சென்டாரியின் இடமாறு கோணம் 0.77 விகலை, மற்ற எல்லா விண்மீன்களுக்கும் இதைவிடக் குறைவு. பூமி சுற்றுகிறது என்று கோப்பர்நிக்கஸ் சொன்னபோது, அப்படியானால் விண்மீன்கள் ஏன் நகரவில்லை என்று எழுந்த எதிர்ப்பு நியாயமானதே. அவை நகர்ந்துகொண்டுதான் இருந்தன. அந்த நகர்வைக் காட்டும் கருவி அன்று யாரிடமும் இல்லை.

1838-ல் ஜெர்மன் வானியலாளர் பெசல் அதைச் சாதித்தார். அவர் பயன்படுத்திய ஹீலியோமீட்டரில் முகப்பு லென்ஸ் நடுவே இரண்டாக வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு பாதியும் தனித்தனிப் பிம்பத்தைத் தரும். ஒரு பாதியை நுண்திருகால் நகர்த்தி, அளக்கவேண்டிய விண்மீனின் பிம்பத்தைப் பக்கத்து மங்கல் விண்மீனின் பிம்பத்தோடு ஒன்றாக்க வேண்டும். திருகு எவ்வளவு சுழன்றதோ அதுவே இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம். ஆண்டுக்கு 5 விகலைக்கு மேல் இடம்பெயரும் 61 சிக்னியை அவர் தேர்ந்தெடுத்ததும் யோசித்துச் செய்ததுதான்: வேகமாக நகர்வதுபோல் தெரிவது பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். அவருக்குக் கிடைத்த கோணம் 0.314 விகலை. இன்றைய மதிப்பு 0.286. அதாவது தூரம் 11.4 ஒளியாண்டு. கண்ணாலும் திருகாலும் எடுத்த அளவு பத்து சதவீத அளவுக்கே பிசகியது என்பது வியக்கத்தக்க வேலை.

தரையிலிருந்து இதற்கு மேல் அதிக தூரம் போக முடியவில்லை. காற்று மண்டலம் விண்மீனின் பிம்பத்தை ஒரு விகலை அளவுக்குக் கலைத்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒப்பிட எடுத்துக்கொள்ளும் பின்னணி விண்மீனும் கொஞ்சம் நகரத்தானே செய்யும்? ஒரே திசையில் பார்க்கும்வரை இரண்டின் நகர்வுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கையில் கிடைக்கும். 2013 டிசம்பரில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் கையா விண்கலம் இதை அழகாகக் கடந்தது. அதில் இரண்டு தொலைநோக்கிகள் 106.5 பாகை இடைவெளியில் வெவ்வேறு திசைகளைப் பார்த்தபடி இருந்தன; இரண்டின் பிம்பமும் ஒரே உணரித் தளத்தில் விழும். கலம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றும். இவ்வளவு விலகிய திசைகளில் இடமாறு நகர்வு ஒரே சமயத்தில் வெவ்வேறாக இருப்பதால், வித்தியாசத்துக்குப் பதிலாக முழு மதிப்பையே பிரித்தெடுக்க முடிகிறது. 2022-ல் வெளியான அதன் மூன்றாவது தொகுப்பில் சுமார் 146 கோடி விண்மீன்களுக்கு இடமாறு கோணம் இருக்கிறது.

பிழை இங்கேயும் விடவில்லை. அந்த 106.5 பாகை இம்மிகூட மாறக்கூடாது; ஆனால் சூரிய வெப்பத்தால் கலம் சுழலச் சுழல அது மாறியது. லேசர் வைத்துக் கண்காணித்துத் திருத்தியும் சிறு எச்சம் நின்றுவிட்டது. குவேசார்கள் என்பவை வெகு தொலைவிலுள்ள விண்மீன் திரள்களின் மிகப் பிரகாசமான மையங்கள்; பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருப்பவை. அவற்றின் இடமாறு கோணம் பூஜ்யமாக வரவேண்டும். கையாவின் தொகுப்பில் சராசரியாக மைனஸ் 0.017 மில்லிவிகலை (விகலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிவிகலை) என்று வருகிறது. பால்வீதியின் மையத்துக்கான இடமாறு கோணமே 0.12 மில்லிவிகலைதான். இந்தப் பிசகைத் திருத்தாமல் விட்டால் அந்தத் தூரத்தில் ஏழில் ஒரு பங்கு தவறிப்போகும்.

இதைவிட அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் அந்த வகுத்தல்தான். ஒரு விண்மீனின் கோணம் 0.10 மில்லிவிகலை, பிழை எல்லை 0.02 என்று வைத்துக்கொள்வோம். நடு மதிப்பு 32,600 ஒளியாண்டு. கோணம் 0.12 என்றால் 27,200, 0.08 என்றால் 40,800. ஒரு பக்கம் ஐயாயிரம் சொச்சம், மறுபக்கம் எட்டாயிரத்துக்கு மேல். கோணத்தில் சமமாக இருந்த பிழை தூரத்தில் சமமாக இருப்பதில்லை. தொகுப்பில் பல விண்மீன்களுக்குக் கோணம் பூஜ்யத்துக்குக் கீழேயும் இருக்கும்; அதை அப்படியே வகுத்தால் அர்த்தமில்லாத எண் வரும், தூக்கி எறிந்தால் சராசரி ஒரு பக்கம் சாயும்.

அடுத்த படி ஒளி. தூரம் இரு மடங்கானால் பிரகாசம் நான்கில் ஒன்றாகும். ஒரு விண்மீனின் உண்மையான பிரகாசம் தெரிந்துவிட்டால், தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டுத் தூரத்தைக் கணக்கிடலாம். உண்மைப் பிரகாசத்தைக் காட்டிக்கொடுப்பவை செஃபீட் விண்மீன்கள். இவை குறிப்பிட்ட கால இடைவெளியில் விரிந்து சுருங்கும். சுருங்கும்போது உள்ளே ஒரு அடுக்கில் ஹீலியம் மேலும் அயனியாகி, ஒளியை வெளியே விடாமல் தடுக்கிறது. வெப்பம் தேங்கி, அழுத்தம் கூடி, மேலடுக்குகள் வெளியே தள்ளப்படுகின்றன. விரிந்ததும் ஹீலியம் குளிர்ந்து ஒளிக்கு வழிவிடும், மறுபடி சுருக்கம். கொதிக்கும் பானையின் மூடி எழும்பி விழுவதைப் போன்றது இது. பெரிய, பிரகாசமான செஃபீடுக்கு அடர்த்தி குறைவு. அதனால் துடிப்பும் மெதுவாக நடக்கும். ஹென்றியெட்டா லெவிட் 1912-ல் சிறிய மெகல்லன் மேகத்திலுள்ள 25 விண்மீன்களை வைத்து இந்தத் தொடர்பைக் காட்டினார். எல்லாம் ஒரே மேகத்தில், ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருந்ததால் பிரகாச வித்தியாசம் உண்மையான வித்தியாசமாகவே இருந்தது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பிரகாசத்தை வானியலில் பொலிவெண்ணால் சொல்வார்கள்; எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும். 10 பார்செக் தொலைவிலிருந்து பார்த்தால் தெரியும் பொலிவெண்ணே உண்மைப் பொலிவெண். 10 நாள் காலமுள்ள செஃபீடின் உண்மைப் பொலிவெண் ஏறத்தாழ மைனஸ் 4. அதாவது சூரியனைப்போல மூவாயிரம் மடங்குக்கு மேல் பிரகாசம். அது நமக்கு 20.5 பொலிவெண்ணில் தெரிகிறது என்று கொள்வோம். வித்தியாசம் 24.5. அதோடு 5-ஐக் கூட்டி, 5-ஆல் வகுத்தால் 5.9. பத்தின் 5.9-ஆம் அடுக்கு சுமார் 7,94,000 பார்செக், அதாவது 25.9 லட்சம் ஒளியாண்டு. இடையில் உள்ள தூசி 0.3 பொலிவெண் அளவுக்கு ஒளியை விழுங்கியிருந்தால், விண்மீன் இருக்கவேண்டியதைவிட மங்கலாகத் தெரிந்திருக்கிறது என்று பொருள். திருத்தினால் தூரம் 22.6 லட்சம். ஒரு சிறு தூசிக் கணக்கு மூன்று லட்சம் ஒளியாண்டைத் தின்றுவிட்டது. தூசி நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் தடுப்பதால், ஒரே விண்மீனைப் பல நிறங்களில் அளந்து தூசியின் அளவைக் கண்டுபிடிப்பார்கள். அகச்சிவப்பில் அளப்பது இன்னும் நல்லது.

தூசியை அறியாததால்தான் மனிதர்கள் வெகுகாலம் தங்களை நடுவில் வைத்துக்கொண்டார்கள். 1785-ல் வில்லியம் ஹெர்ஷல் திசைதிசையாக விண்மீன்களை எண்ணினார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்டைன் இன்னும் விரிவாக எண்ணினார். பால்வீதித் தளத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஏறத்தாழ அதே எண்ணிக்கை. சூரியன் மையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதைத் தவிர வேறென்ன முடிவுக்கு வருவது? உண்மையில் எல்லாத் திசையிலும் தூசி பார்வையை மறைத்திருந்தது. ஷாப்லி 1918-ல் தளத்துக்கு மேலும் கீழும் பரவியிருக்கும் கோளக் கொத்துகளின் (கோள வடிவில் நெருங்கித் திரண்ட விண்மீன் கூட்டங்களின்) தூரத்தைக் கணித்தபோது, அவை தனுசு ராசித் திசையிலுள்ள ஒரு புள்ளியைச் சுற்றிக் குவிந்திருப்பது தெரிந்தது. மையம் அங்கே, நாம் ஓரத்தில். திசை சரி, ஆனால் தூரத்தை அவர் இரண்டு மடங்குக்கும் அதிகமாகச் சொல்லிவிட்டார். விண்வெளித் தூசி ஒளியை விழுங்குவதை டிரம்ப்லர் 1930-ல்தான் நிறுவினார். இன்று மையத்திலுள்ள கருந்துளையை 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும் எஸ்2 விண்மீனின் வேகத்தையும் கோண நகர்வையும் ஒப்பிட்டு நேரடியாகவே அளந்துவிட்டார்கள்: 27,000 ஒளியாண்டுக்குச் சற்று உள்ளே.

1923 அக்டோபரில் ஹப்பிள் ஆண்ட்ரோமீடாவில் ஒரு செஃபீடைக் கண்டார். அவர் கணக்கில் அது சுமார் ஒன்பது லட்சம் ஒளியாண்டு. பால்வீதிக்கு வெளியே இன்னொரு விண்மீன் திரள் இருப்பது உறுதியானது. ஆனால் உண்மையான தூரம் 25 லட்சம். செஃபீடுகளில் இரண்டு வகை இருப்பதும், ஒரே காலமுள்ள இரண்டுக்கும் நடுவே 1.5 பொலிவெண் வித்தியாசம் இருப்பதும் பாடே 1952-ல் அறிவிக்கும்வரை தெரியாது. 1.5 பொலிவெண் என்றால் பிரகாசத்தில் நான்கு மடங்கு, தூரத்தில் இரண்டு மடங்கு. ஒரே அறிவிப்பில் வெளித் திரள்களின் தூரம் முழுவதும் இரட்டிப்பானது. அதுவரை, பிரபஞ்சம் விரியும் வேகத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் அதன் வயது சுமார் 200 கோடி ஆண்டு என்று வந்து, பூமியின் பாறைகளைவிட இளையதாகிப்போன முரண்பாடும் தணியத் தொடங்கியது.

செஃபீடுகள் தெரியாத தூரத்துக்கு, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குள்ள விண்மீன்கள் வெடிக்கும் 1ஏ வகை சூப்பர்நோவாக்கள் உதவுகின்றன. இவை எல்லாம் ஒரே பிரகாசம் அல்ல. மெதுவாக மங்குபவை அதிகப் பிரகாசமானவை என்பதை வைத்துத் திருத்திக்கொள்வார்கள். 2022-ல் இந்தப் படியைச் சரிபார்க்க, செஃபீடும் சூப்பர்நோவாவும் சேர்ந்து கிடைத்த 37 திரள்களிலிருந்து 42 வெடிப்புகள் மட்டுமே கையில் இருந்தன. கிடைத்த பிரபஞ்ச விரிவு வேகம், ஒரு மெகாபார்செக்குக்கு (பத்து லட்சம் பார்செக்குக்கு) வினாடிக்கு 73 கிலோமீட்டர். பிளாங்க் விண்கலம் பதிவு செய்த, பிரபஞ்சத்தின் தொடக்க காலத்து ஆதி ஒளியிலிருந்து கணித்தால் 67.4. இரண்டின் பிழை எல்லைகளும் ஒன்றையொன்று தொடவில்லை.

தொலைதூரத் திரள்களில் செஃபீடின் ஒளியோடு பக்கத்து விண்மீன்களின் ஒளி கலந்து அதைப் பிரகாசமாகக் காட்டுகிறதோ என்பதே பலரின் சந்தேகமாக இருந்தது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதே விண்மீன்களைத் தெளிவாகப் பிரித்துப் பார்த்தும் எண் பெரிதாக மாறவில்லை. இனி கவனம் அடிப்படியின் மேல்தான். கையா 2025 ஜனவரியில் அளவிடுவதை நிறுத்திவிட்டது. அதன் ஐந்தரை ஆண்டுத் தரவைக் கொண்ட நான்காவது தொகுப்பு 2026 டிசம்பருக்குத் திட்டமிடப்பட்டுள்ளது. அது வந்ததும் முதலில் பார்க்கப்படும் எண்களில் ஒன்று, குவேசார்களின் இடமாறு கோணம் பூஜ்யத்துக்கு எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதாக இருக்கும்.