1898 என்று போட்டிருந்தால் 1898 அல்ல: ஜார் காலத்து ரூபிள் நோட்டைப் படிப்பது எப்படி?

ரஷ்யப் பேரரசின் ஒரு ரூபிள் நோட்டில் 1898 என்று அச்சாகியிருக்கும். புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். அந்த ஆண்டு நோட்டின் வடிவத்துக்கு உரியது, அச்சுக்கு உரியது அல்ல. கையில் இருக்கும் தாள் அதே ஆண்டில் அச்சானதாக இருக்கலாம். கடைசி ஜார் இரண்டாம் நிக்கோலஸ் முடிதுறந்த 1917க்குப் பிறகு அச்சானதாகவும் இருக்கலாம். 3 ரூபிளில் 1905, 5, 10, 25 ரூபிள்களில் 1909, 100 ரூபிளில் 1910, 500 ரூபிளில் 1912 என்று இருக்கும் ஆண்டுகளுக்கும் இதே கதைதான்.

உண்மையான வயதைச் சொல்வது கையொப்பம். ஒவ்வொரு நோட்டிலும் அரசு வங்கியின் மேலாளர், காசாளர் என இருவர் கையொப்பம் இருக்கும். காசாளர்கள் பலர், மேலாளர்கள் நால்வரே. 1903 வரை பிளெஸ்கே, 1909 வரை திமாஷெவ், அதன்பின் 1914 வரை கோன்ஷின், கடைசியாக ஷீபவ். எனவே முதலில் மேலாளரின் கையொப்பத்தைப் பாருங்கள். ஒரு ரூபிளில் பிளெஸ்கே கையொப்பம் அரிது, ஷீபவ் கையொப்பம் ஏராளம். காரணம் முதல் உலகப் போர். 1914இல் போர் தொடங்கியதும் நோட்டுக்குத் தங்கம் தருவதை அரசு நிறுத்தியது. அப்போது ஏறத்தாழ 160 கோடி ரூபிளாக இருந்த நோட்டுப் புழக்கம், 1917இல் முடியாட்சி விழும்போது 1,000 கோடியை நெருங்கிவிட்டது. பழைய வடிவத்திலேயே தாள்களை அச்சடித்துக் குவித்தார்கள். அடுத்து வந்த இடைக்கால அரசும், அதற்கடுத்த சோவியத் அரசும்கூட ஷீபவின் கையொப்பத்தை விட்டுவைத்து அச்சடித்தன.

ஒரு ரூபிளிலும் ஐந்து ரூபிளிலும் இன்னொரு தடயமும் உண்டு. பழைய அச்சில் இரண்டு எழுத்துகளும் ஆறு இலக்கங்களும் இருக்கும். தாளுக்குத் தாள் எண் மாறும். போர்க்கால அவசரத்தில் அதைச் சுருக்கி, இரண்டு எழுத்துகளும் அதிகம் போனால் மூன்று இலக்கங்களும் மட்டும் போட்டார்கள். அது தொடரின் எண்தான், அதனால் ஒரே எண் எண்ணற்ற தாள்களில் வரும். ஒரே எண்ணில் இரண்டு நோட்டு கிடைத்துவிட்டதே, ஒன்று போலியோ என்று பயப்பட வேண்டாம்.

இந்த நோட்டுகளின் உண்மையான அழகு அச்சுமுறையில் இருக்கிறது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1818இல் தொடங்கப்பட்ட அரசு அச்சகத்தில் இவான் ஓர்லோவ் ஒரு பொறியை உருவாக்கினார். 1892 வடிவ 25 ரூபிள் நோட்டில் அது பயனுக்கு வந்தது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியிலும் இடம்பெற்றது. வழக்கமான பலவண்ண அச்சில் தாள் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒருமுறை தகட்டுக்கு அடியில் போய்வரும். ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை விலகும். ஓர்லோவ் செய்தது வேறு. வண்ணத்துக்கு ஒன்றாகத் தனித்தனித் தகடுகள். அவற்றிலிருந்து மையை உருளைகள் எடுத்து, முழுச் சித்திரமும் உள்ள ஒரே தகட்டின் மேல் சேர்க்கும். எல்லா வண்ணமும் ஏறிய அந்தத் தகடு தாளில் ஒரே ஒரு முறை அழுந்தும்.

இதன் விளைவை 10 மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்க்கலாம். பின்னணியில் ஒரு மெல்லிய கோட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள். பச்சையாகத் தொடங்கி வழியிலேயே சிவப்பாகும். மாறும் இடத்தில் இடைவெளியோ படிக்கட்டுபோன்ற விலகலோ இருக்காது, இரண்டு மையும் லேசாகக் கலந்திருக்கும். கோடு வண்ணம் மாறும் இடத்தில் அறுந்தாலோ விலகினாலோ அது வேறு முறையில் அச்சான போலி. கோடே இல்லாமல் வண்ணப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது இக்காலப் பிரதி.

அடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். 25 ரூபிளில் மூன்றாம் அலெக்சாண்டர், 100 ரூபிளில் இரண்டாம் கேதரின், 500 ரூபிளில் மகா பீட்டர் ஆகியோரின் முகங்கள் நீர்க்குறியாக (வாட்டர்மார்க்) தெரியும். கூழ் ஈரமாக இருக்கும்போதே தாளின் தடிமனை மாற்றி இதை உருவாக்குகிறார்கள். அதனால் நிழலும் ஒளியும் படிப்படியாக மாறும். மேசைமேல் வைத்தாலே சாம்பல் நிறத்தில் தெரிகிற முகம் மையால் போட்டது.

புற ஊதா விளக்கும் உதவும். அக்காலத் தாளில் வெண்மையூட்டி கிடையாது. அது மங்கலாகவே இருக்கும். பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் புதுத் தாள், அல்லது யாரோ சலவைத்தூளில் கழுவிய பழைய தாள்.

கழுவுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் கொடுமை. அழுக்கு போகும், கூடவே மையின் ஒரு பகுதியும், தாளுக்கு மொடமொடப்பு தரும் பசையும் போய்விடும். இஸ்திரி போடுவதும் அப்படியே. பெரிய நோட்டுகளில் உருவப்படத்தின் மை தாளுக்கு மேலே எழும்பி நிற்கும், விரல் நுனியில் உணரலாம். சூடும் அழுத்தமும் அதை நசுக்கிவிடும். மடிப்பு மறைந்தது போலத் தெரிந்தாலும் உடைந்த இழைகள் ஒட்டுவதில்லை. பக்கவாட்டில் ஒளி பாய்ச்சினால் கோடு மறுபடி தெரியும். மடிப்போடு இருக்கும் நேர்மையான நோட்டு, சலவை நோட்டாக வேடம் போட்டதைவிட மேலானது. ஒட்டுநாடா ஒட்டவே வேண்டாம். அதன் பசை இழைக்குள் இறங்கிப் பழுப்பாகிவிடும்.

சேமிக்கும் உறையில் கஞ்சத்தனம் கூடாது. மலிவான பிவிசி உறைகள் காலப்போக்கில் அமிலத்தையும் எண்ணெய் போன்ற பிசுபிசுப்பையும் கக்கும். சந்தேகமிருந்தால், நோட்டுகளை விட்டுத் தள்ளி, காற்றோட்டமான இடத்தில் ஒரு சோதனை செய்யலாம். செம்புக் கம்பியைச் சுடவைத்து உறையின் ஓரத்தில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் அதில் குளோரின் உண்டு. பிவிசி என்றே கொள்ளலாம். பாலியெஸ்டர் உறைதான் பாதுகாப்பு. 500 ரூபிள் நோட்டின் நீளம் 27 செ.மீ.க்கும் மேல், உறையின் உள்ளளவு குறைந்தது 29 × 14 செ.மீ. இருக்கட்டும். இடுக்கித் திணித்தால் மூலை மடங்கும். காற்றின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் வரை நல்லது. 65ஐத் தாண்டினால் பூஞ்சை வரும்.

பெரிய நோட்டுகளின் நடுவே சின்னவற்றை மறந்துவிடக் கூடாது. 1915இல் சில்லறைக் காசு மறைந்தபோது, ஜார்களின் ரொமானவ் வம்சத்து அஞ்சல்தலைச் சித்திரங்களையே மெல்லிய அட்டையில் அச்சடித்துக் காசாக விட்டார்கள். பின்புறம் பசை இருந்தால் அஞ்சல்தலை; காசுக்குச் சமமாகச் செல்லும் என்ற வாசகம் இருந்தால் பணம். இடைக்கால அரசின் தலைவர் கேரென்ஸ்கியின் பெயரால் வழங்கும் 1917இன் கேரென்ஸ்கி நோட்டுகள், அதாவது 20, 40 ரூபிள் சீட்டுகள், பேரரசின் எச்சம் அல்ல, அதன் இடிபாடு. அவற்றில் எண் இல்லை, கையொப்பம் இல்லை, ஆண்டும் இல்லை. வெட்டாத முழுத் தாளாகவே கொடுத்தார்கள், வாங்கியவர் கத்தரித்துக்கொண்டார். எனவே ஓரம் கோணலாக இருப்பது அங்கே குறையே அல்ல. வெட்டாத தாள் கிடைத்தால் மட்டும் கத்தரிக்கோலைத் தூர வையுங்கள்.