அம்னெஸ்டி: மன்னிப்பா, மறதியா?

அமெரிக்காவில் எல்லைப் பாதுகாப்பு, குடியேற்றச் சீர்திருத்தம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு சொல் கூடவே வந்துவிடும்: அம்னெஸ்டி. ஆவணமில்லாமல் அங்கே வாழ்பவர்களுக்குத் தங்கும் உரிமை கொடுக்க ஒரு மசோதா வந்தால் போதும், எதிர்ப்பவர்கள் உடனே அதற்கு இந்தப் பெயரைச் சூட்டிவிடுவார்கள். நம் நாளிதழ்களும் ‘பொதுமன்னிப்பு’ என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகின்றன. ஆனால் மூலச்சொல்லில் மன்னிப்பே கிடையாது.

கிரேக்கத்தில் ‘அம்னெஸ்தியா’ என்றால் நினைவில் கொள்ளாமை. முதலில் நிற்கும் ‘அ’ இன்மையைக் குறிக்கிறது, பின்பகுதி நினைவைக் குறிக்கிறது. மறதி நோய்க்குச் சொல்லும் ‘அம்னீசியா’வுக்கும் இதே வேர்தான். கி.மு. 403இல் ஏதென்ஸில் முப்பது பேரின் கொடுங்கோலாட்சி வீழ்ந்து மக்களாட்சி திரும்பியது. அப்போது, நடந்த தீங்குகளை இனிக் கிளறுவதில்லை என்று ஊரார் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். அந்த முப்பது பேரும் வேறு சில அதிகாரிகளும் மட்டும் இதற்கு விலக்கு. இந்த ஏற்பாட்டைத்தான் பிற்காலத்தார் அம்னெஸ்தியா என்றார்கள். அடித்துக்கொண்ட இரண்டு தரப்பும் ஒரே ஊரில் வாழ்ந்தாக வேண்டும், அதற்காகச் சேர்ந்து மறந்தார்கள்.

இப்போது நம் சொல்லுக்கு வருவோம். ‘பொது’ என்பது மிகச் சரி. ஒருவருக்குத் தருவது மன்னிப்பு, ஒரு கூட்டத்துக்கே தருவது பொதுமன்னிப்பு. சிக்கல் ‘மன்னிப்பு’ என்ற பகுதியில்தான். மன்னிப்பு என்றதுமே குற்றவாளி ஒருவர் கீழேயும் மன்னிப்பவர் ஒருவர் மேலேயும் வந்து நின்றுவிடுகிறார்கள். மறதியில் அந்த மேல் கீழ் இல்லை.

தமிழில் இதற்கு நெருக்கமான இடம் குறள் 152: ‘பொறுத்தல் இறப்பினை என்றும் அதனை மறத்தல் அதனினும் நன்று.’ பொறுப்பது ஒரு படி என்றால் மறப்பது அதற்கும் மேல்படி. இங்கே ‘இறப்பு’ சாவு அல்ல, வரம்பு கடந்து செய்த தீங்கு. பழந்தமிழில் இறத்தல் என்றால் கடத்தல். எல்லை கடந்தவர்களைப் பற்றிய இந்த விவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் இந்தச் சொல் எப்போதும் வசையாக இருந்ததில்லை. 1984 தேர்தல் விவாத மேடையில், அங்கே வேர்விட்டு வாழ்பவர்களுக்கு அம்னெஸ்டி தருவதில் தனக்கு நம்பிக்கை உண்டு என்று அப்போதைய அதிபர், குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரீகனே சொன்னார். 1986 நவம்பர் 6இல் அவர் கையெழுத்திட்ட சட்டம், 1982 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தொடர்ந்து அங்கே வசித்தவர்களுக்கு வழி திறந்தது. விவசாயக் கூலிகளுக்குத் தனி வழி. இரண்டிலுமாகச் சுமார் 27 லட்சம் பேர் சட்டப்படி தங்கும் உரிமை பெற்றார்கள். ஆவணமில்லாதவர் என்று தெரிந்தே வேலை கொடுக்கும் முதலாளிக்குத் தண்டனை என்ற பகுதியும் அதே சட்டத்தில் இருந்தது. ஆனால் அது சரியாக நடைமுறைக்கு வரவில்லை. வேலை கிடைத்தது, ஆட்களும் வந்துகொண்டே இருந்தார்கள், பிற்காலத்தில் ஆவணமில்லாதவர்களின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது. ‘உரிமையைக் கொடுத்தீர்கள், எல்லையை மூடவில்லை’ என்ற கோபம் அங்கிருந்துதான் வருகிறது. அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

2013இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் 68க்கு 32 என்று நிறைவேற்றிய மசோதா வேறு மாதிரி. அபராதம், பாக்கி வரி, பின்னணிச் சோதனை எல்லாம் முடிந்து குடியுரிமை கிடைக்க 13 ஆண்டுகள் ஆகும். கூடவே எல்லைக் காவலர்களை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி 40,000 அளவுக்குக் கொண்டுபோகும் திட்டமும் இருந்தது. அதற்கும் அம்னெஸ்டி என்றே பெயர் விழுந்தது. கீழவையான பிரதிநிதிகள் சபை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு அந்தச் சபையின் பெரும்பான்மைத் தலைவர் எரிக் கேன்டர் தன் குடியரசுக் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலிலேயே தோற்றார். அம்னெஸ்டிக்கு ஆதரவானவர் என்பது எதிராளி அவர்மீது வைத்த முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

நமக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. பொதுமன்னிப்பு என்றால் வளைகுடாவில் ஆள் இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் மனதில் வருவது வேறு. 2018இல் குவைத் அறிவித்தபோது, விசா முடிந்தும் தங்கியிருந்தவர்கள் அபராதம் கட்டாமல் ஊர் திரும்ப முடிந்தது. அங்கே அது முதன்மையாக ஊருக்குப் போக வழி, அமெரிக்காவில் அதே சொல் வந்த நாட்டிலேயே தங்க வழி.

அதனால் என் பரிந்துரை இது. ஒரு அரசியல்வாதி அம்னெஸ்டி என்று சொன்னால், அவர் வாயில் வந்ததாகவே ‘பொதுமன்னிப்பு’ என்று எழுதலாம். செய்தியாளர் தன் சொல்லில் எழுதும்போது ‘வதிவுரிமை அளித்தல்’, அதாவது தங்கி வாழும் உரிமை தருதல், என்று எழுதட்டும், நிபந்தனைகள் இருந்தால் ‘நிபந்தனையுடன்’ என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். வதிவிட உரிமை என்பது ஈழத்தமிழர் புழக்கத்தில் ஏற்கெனவே ஊறிப்போன சொல். 1986 சட்டமும் தன் வாசகத்தில் அந்தப் பகுதிக்கு அம்னெஸ்டி என்று தலைப்பிடவில்லை, சட்டபூர்வமாக்கல் என்றுதான் தலைப்பிட்டது.