டோல்கேட்டில் டீசல் எங்கே போகிறது?

சேலத்திலிருந்து கோவை போகும் வழியில், வைகுந்தம் டோல்கேட்டில் லோடு லாரி ஒன்று நின்று கிளம்புவதைப் பாருங்கள். முதல் கியரில் உறுமி, கியர் மாற்றி மாற்றி, வேகம் எடுக்கவே வெகுநேரம் ஆகும். வரிசையில் காத்திருப்பதைத்தான் நாம் நொந்துகொள்கிறோம். டீசலை அதிகம் குடிப்பது இந்தக் கிளம்பல்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 40 டன் எடையோடு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் லாரியின் இயக்க ஆற்றல் சுமார் 55 லட்சம் ஜூல். பிரேக் பிடித்தால் அத்தனையும் சூடாகிக் காற்றில் போய்விடும். மறுபடி அதே வேகத்தை எட்ட, என்ஜினில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால், ஏறக்குறைய 400 மில்லி டீசல் வேண்டும். அது எரிந்தால் ஒரு கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. ஐந்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டு நிற்க இதில் பாதி டீசல் போதும்.

நிற்பதில் வேறொரு கேடு உண்டு. பிஎஸ்-6 என்ற புதிய மாசு விதிப்படி வந்த லாரிகளில், ஆட்புளூ என்ற யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளை முறிக்கும் அமைப்பு, புகை ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். சும்மா நிற்கும்போது புகை ஆறிவிடும், நச்சு அப்படியே வெளியேறும்.

2021 பிப்ரவரியில் கட்டாயமான ஃபாஸ்டேக் இந்த வரிசையைத்தான் சுருக்கியது. அந்த ஸ்டிக்கரில் பேட்டரி கிடையாது. சாவடியில் மேலே உள்ள கருவி அனுப்பும் ரேடியோ அலையே அதன் சில்லுக்கு மின்சாரம். சில்லு தன் எண்ணை அதே அலையில் ஏற்றித் திருப்பி அனுப்புகிறது. கண் இமைக்கும் நேரம்தான்.

இதன் பலன் சிறியதல்ல. அமெரிக்காவில் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் இதேபோன்ற 'ஈஸி பாஸ்' வந்ததும், சாவடிகளுக்கு 2 கி.மீ.க்குள் வசித்த தாய்மார்களிடையே குறைப்பிரசவம் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக பொருளாதார அறிஞர்கள் ஜேனட் கரியும் ரீட் வாக்கரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. படித்ததிலிருந்து, டோல்கேட்டை ஒட்டிய வீடுகள்தான் என் கண்ணில் முதலில் படுகின்றன.

ஆனால் தடுப்புக் கட்டை இன்னும் இருக்கிறதே? வேகம் மூன்றில் ஒரு பங்கானால் ஆற்றல் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். அதாவது 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து கடந்தாலும், நின்று கிளம்பும் நஷ்டத்தில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. கட்டையே இல்லாமல், சாலைக்கு மேலே இரும்புச் சட்டகம் அமைத்து, ஸ்டிக்கரையும் நம்பர் பிளேட்டையும் ஓட்டத்திலேயே படிக்கும் முறை வரவேண்டும். அப்போதுதான் அந்த 55 லட்சம் ஜூலும் லாரியோடு சங்ககிரி தாண்டிப் போகும்.